மாதக் கணக்குச் சாப்பாடு

ஒரு சாப்பாட்டுக் கடை நன்றாக நடக்கிறதா, நொடிக்கப்போகிறதா என்பது அங்கே சாமான் இறக்குகிறவனுக்குத்தான் முதலில் தெரியும். முதலாளியின் மனைவிக்குக்கூடப் பிறகுதான் தெரியவரும். கெடாவில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நான் அந்த வேலையைத்தான் செய்தேன். 1979இல் பட்டர்வொர்த்தில் ஒரு மொத்த மளிகைக் கடையின் லோரியில் கெலிண்டானாக, அதாவது உதவியாளாக, ஏறினேன். லைசென்ஸ் எடுத்த பிறகு லோரியை ஓட்டினேன். பிறகு வேன் ஒன்றைக் கொடுத்து சேல்ஸ்மேன் ஆக்கினார்கள். பாடாங் செராய், லுனாஸ், கூலிம் ஒரு நாள். சுங்கைப்பட்டாணி, பீடோங், செமிலிங் ஒரு நாள். குரூண் தாண்டி அலோர்ஸ்டார், ஜித்ரா ஒரு நாள். கோலகெட்டில், பாலிங் பக்கம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மிளகாய்த்தூள், மல்லித்தூள், பருப்பு, புளி, அப்பளம், கோதுமை மாவு, டின் பால், எண்ணெய் எல்லாம் நாங்கள்தான் இறக்குவோம்.

மத்தியானச் சாப்பாடு அன்றைக்கு எந்தக் கடையில் சரக்கு இறக்குகிறோமோ அங்கே. ஆனால் காசு கொடுத்துத்தான் சாப்பிட வேண்டும் என்பது எங்கள் முதலாளியின் கண்டிப்பான உத்தரவு. "ஓசியில சாப்பிட்டா அடுத்த மாசம் பாக்கி கேக்க வாய் வராது" என்பார். அப்படி ஒவ்வொரு கடையிலும் பின்வாசல் வழியாக மூட்டையைத் தூக்கிக்கொண்டு நுழைந்து, முன்வாசலுக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். வாங்குவது என்ன, இலைக்கு வருவது என்ன என்று இரண்டையும் பார்க்கிற வாய்ப்பு சமையல்காரருக்கும் முதலாளிக்கும் அடுத்தபடியாக எங்களுக்குத்தான் இருந்தது.

ஆர்டர் புத்தகம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். மல்லித்தூள் கூடுதலாகவும் மிளகாய்த்தூள் அளவாகவும் வாங்குகிற கடையில் குழம்பை நிதானமாகக் கொதிக்க விடுகிறார்கள் என்று பொருள். மல்லி வேக நேரமெடுக்கும், பச்சை வாடை போக வேண்டும். அவசரக்காரர்கள் மல்லியைக் குறைத்து மிளகாயைக் கூட்டுவார்கள். நிறம் வந்துவிடும், குழம்பு வராது. கடை தள்ளாட ஆரம்பித்தால் முதலில் குறைவது பருப்பு. சாம்பார் தண்ணீராகும். அடுத்து, 17 கிலோ டின்னில் எண்ணெய் வாங்கியவர் இரண்டு மூன்று பொட்டலமாக வாங்க ஆரம்பிப்பார். அதற்கடுத்துத் தெரியும் அறிகுறி புளி. அது திடீரென்று கூடும். கறியில் போட மீனும் இறைச்சியும் குறைந்துபோனதைப் புளிப்பால் மறைக்கப் பார்க்கிறார்கள். இந்த மூன்றையும் பார்த்துவிட்டால் பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக வசூலித்துக்கொள்வது நல்லது என்று பழைய சேல்ஸ்மேன் ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் சொன்னது ஒருமுறையும் பிசகியதில்லை.

நான் வேலைக்கு வந்த காலத்தில் கெடாவின் சாப்பாட்டுக் கடைகள் பால்மரத்தை நம்பித்தான் இருந்தன. பீடோங்கைச் சுற்றி ஹார்வர்ட் தோட்டம் போன்ற பெரிய தோட்டங்கள். கூலிம், பாடாங் செராய், லுனாஸ் பக்கமும் அப்படியே. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, வெளிச்சம் வரும் நேரத்தில் பால் வெட்டு, முற்பகலில் பால் எடுப்பு, மத்தியானத்துக்குள் நிறுவை. கடைக்காரர்களும் இந்தக் கணக்கில்தான் அடுப்பு மூட்டினார்கள். 1982 பிறந்த அன்று தீபகற்பத்தின் கடிகாரத்தையே அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்தார்கள். சூரியன் பழைய நேரத்துக்குத்தான் எழுந்தது. தோட்டத்து முச்சந்திக் கடைகள் கொஞ்ச காலம் 'பழைய மணி', 'புதிய மணி' என்று இரண்டு கணக்கு வைத்துப் பேசிக்கொண்டிருந்தன.

மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. அன்றைக்குக் கடையில் கூட்டம் இருக்கும், காசு இருக்காது. ஆண்டு தொடங்கி இரண்டு மூன்று மாதம் வடக்கே வெயில் கொளுத்தும். ரப்பர் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். பால் குறையும், சம்பளம் குறையும். அந்த மாதங்களில் 555 புத்தகம் தடித்துக்கொண்டே போகும். சட்டைப்பைக்குள் அடங்கும் அந்தச் சின்ன நோட்டுப் புத்தகத்தில்தான் தோட்டத்துக் கடனெல்லாம் இருந்தது. கடைக்காரர் தொழிலாளிக்குக் கடன் கொடுப்பார், நாங்கள் கடைக்காரருக்குக் கடன் கொடுப்போம், எங்கள் முதலாளிக்குப் பினாங்கு இறக்குமதிக்காரர் கடன் கொடுப்பார். மரத்தில் புது இலை விட்டுப் பால் ஊறினால்தான் பினாங்கு வரைக்கும் பணம் நகரும். இந்தச் சங்கிலியைப் புரிந்துகொள்ளாதவர்கள் சாப்பாட்டுக் கடை வைத்து மார்ச் மாதத்தைத் தாண்டியதில்லை.

தோட்டத்துக் குடும்பங்கள் கடையில் சோறு சாப்பிட்டதில்லை என்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். வீட்டில் அடுப்பு இருக்கக் கடைச் சோறு தின்பது குடும்பத்துக்கு இழுக்கு என்ற எண்ணம் இருந்தது. வெட்டு முடிந்து ஒரு தே, இரண்டு தோசை, வாரக் கடைசியில் பிள்ளைக்கு ஒரு ரொட்டி சானாய், அவ்வளவுதான். சம்பள நாளில் மட்டும் ஆட்டுக்கறிப் பெரட்டல் பொட்டலமாகி லயத்துக்குப் போகும். கள்ளுக்கடையை ஒட்டி ஒன்றிரண்டு பெஞ்சு போட்டுக் கடலையும் வறுத்த நெத்திலியும் விற்றவர்களும் உண்டு. கள்ளுக்கும் தோட்டத்துக்கும் இருந்த பகையை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கதையாகச் சொல்வார்கள். 1947இல் தொண்டர் படை பீடோங்கில் கள்ளுக்கடையை எதிர்த்து நின்றதும், போலீசோடு மோதல் வெடித்ததும், ஹார்வர்ட் தோட்டத்தில் ஆட்களைப் பிடித்துப்போனதும் நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தவை. தொழிலாளியின் கூலிக்காசு வீட்டுச் சோற்றுப் பானைக்குப் போக வேண்டும் என்பதுதான் அந்தப் போராட்டத்தில் இறங்கியவர்களின் பேச்சாக இருந்தது என்று என் பாட்டி சொல்வார்.

அப்படியானால் கடையில் சோறு தின்றது யார்? மணமாகாத வாத்தியார்கள், தோட்டத்துக் கிராணி, ஆஸ்பத்திரி ட்ரெஸ்ஸர், போஸ்ட் ஆபீஸ்காரர், பஸ் கண்டக்டர், லோரிக்காரர்கள், எங்களைப் போன்றவர்கள். இவர்களில் பாதிப் பேருக்கு மாதக் கணக்கு. பகலும் இரவும் ஒரே கடையில் சாப்பிட்டுவிட்டு மாதக் கடைசியில் மொத்தமாகக் கொடுப்பார்கள். கெடாவில் நான் சாப்பிட்ட நல்ல சாப்பாடெல்லாம் இந்த மாதக் கணக்குக்காரர்களுக்காகச் சமைத்த சாப்பாடு. அவர்களுக்கு வைத்த உலையில் எங்களுக்கும் ஒரு பிடி கிடைத்தது.

பீடோங்கில் தோட்டத்துச் சாலை பிரியும் இடத்தில் ஒரு பெரியம்மா கடை வைத்திருந்தார். தகரக் கூரை, ஆறு மேசை, பின்பக்கம் ரப்பர் கட்டை அடுக்கிய அடுப்படி. நான் போகிற நாள் மீன் கறி நாள். தஞ்சோங் டாவாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன்காரர் வருவார். பெரியம்மா கெம்போங் மீனைத்தான் எடுப்பார். விலை மலிவு, முள் எடுக்க எளிது, நெஞ்சில் எரிச்சல் தராது. சட்டி காய்ந்ததும் எண்ணெயைச் சுற்றி விடுவார், ஊற்றமாட்டார். வெந்தயம் சிவந்து வாசம் வருகிற நொடியில் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் விழும். தூளைப் புளித்தண்ணீரிலேயே கரைத்து ஊற்றி, மேலே எண்ணெய் பிரிந்து மிதக்கிற வரைக்கும் கட்டையைத் தள்ளித் தள்ளி எரியவிடுவார். மாங்காயோ கத்தரிக்காயோ பாதி வெந்த பிறகு மீன் இறங்கும். அதன் பிறகு கரண்டிக்கு வேலையில்லை. சட்டியின் இரண்டு காதையும் துணியால் பிடித்து ஒரு சுழற்று. அவ்வளவுதான், கட்டையை வெளியே இழுத்துவிடுவார்.

தேங்காய்ப்பால் ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஒருநாள் கேட்டேன், "பெரியம்மா, தேங்காப்பால் ஊத்துனா இன்னும் நல்லா இருக்குமே?"

"நல்லாத்தான் இருக்கும் தம்பி. தெனம் ஊத்துனா ரெண்டு மாசத்துல புள்ளைங்களுக்குத் திகட்டிப் போயிரும். அந்த வாத்தியாரு நாலு வருசமா இங்கதான் சாப்புடுறாரு. அவருக்கு நாளைக்கும் பசிக்கணும் இல்லையா?"

நாளைக்கும் பசிக்க வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் அந்தக் கடையில் எல்லாமே நடந்தது. ஒரு கறி, ஒரு கூட்டு அல்லது கீரை, ரசம், மோர், வறுத்த அப்பளம். ரசம் தினமும் உண்டு, அது கெட்டியாக இருக்காது. யாருக்காவது வயிறு சரியில்லை என்றால் கேட்காமலே கறிக்குப் பதில் பருப்பு வரும். வெள்ளிக்கிழமை சைவம், புரட்டாசி மாதம் முழுக்க அரைக் கடை சைவம். புரட்டாசியில் எங்கள் வேனிலும் இறைச்சி மசாலா இறங்காது. பருப்பும் புளியும் அப்பளமும்தான் ஓடும்.

அலோர்ஸ்டாரிலும் சுங்கைப்பட்டாணியிலும் நாசி கண்டார் போட்ட தமிழ் முஸ்லிம் முதலாளிகள் வேறு கணக்கு. கடையநல்லூர், தென்காசி, இராமநாதபுரம் பக்கத்து வேர் உள்ளவர்கள். அவர்களுக்கு எங்கள் பொட்டலத் தூள் வேண்டாம். பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, சோம்பு எல்லாம் முழுசாக வாங்கித் தாங்களே பொடி செய்வார்கள். என்ன விகிதம் என்று கேட்டால் சிரித்துக்கொண்டு ஒரு தே கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கோழிக் குழம்பு, மீன் குழம்பு, பருப்பு என்று மூன்று நான்கைச் சோற்றின்மேல் கலந்து ஊற்றுவதுதான் அங்கே ருசி. ஒவ்வொரு குழம்பையும் தனியாக ருசி பார்த்தால் ஏதோ ஒன்று குறைந்தது போலிருக்கும். கலந்தால் சரியாகிவிடும்படி முன்கூட்டியே அளந்து வைத்திருப்பார்கள். வடக்கே காலையில் கிடைக்கும் மஞ்சள் நிற நாசி லெமாக்கும் இப்படித்தான், குழம்பு ஊற்றினால்தான் முழுமை. சம்பாலையும் நெத்திலியையும் வைத்துப் பொட்டலம் கட்டும் தெற்கத்திக்காரர்கள் இதைப் பார்த்து வியப்பார்கள்.

ரொட்டி போடுகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கடையில் முதலாளியை விடப் பெரிய ஆள் அவர்தான். சுங்கைப்பட்டாணி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் இருந்தவரை என்னால் மறக்க முடியாது. பிற்பகலில் மாவு பிசைவார். 25 கிலோ மூட்டையைப் பிரித்ததும் முதலில் ஒரு கைப்பிடி எடுத்து நீர் விட்டுப் பிசைந்து மூடி வைப்பார். கொஞ்ச நேரம் கழித்துப் பெருவிரலால் அழுத்தி, குழி எப்படி நிமிர்கிறது என்று பார்ப்பார். விறுக்கென்று நிமிர்ந்தால் மாவு முரடு. நிமிராமல் அப்படியே கிடந்தால் வீசும்போது கிழியும். மெதுவாக, மனமில்லாமல் எழுவது போல் எழுந்தால் அதுதான் ரொட்டி மாவு. "இது இழுக்காது தம்பி, திருப்பி ஏத்து" என்று மூட்டையை வேனுக்கே அனுப்பிவிடுவார். ஒரே பெயர், ஒரே மில், ஆனால் அடுத்த தவணைச் சரக்கு. நானும் மறுபேச்சு பேசாமல் ஏற்றிக்கொள்வேன். பிசைந்த மாவை உருண்டை பிடித்து மார்ஜரினில் முக்கி இரவு முழுதும் ஊற வைத்து, விடியற்காலை நான்கு மணிக்குக் கல்லைச் சூடாக்குவார். இரண்டு வெள்ளி கூடுதலாகக் கிடைக்கிறது என்று அவர் ஒருநாள் பட்டர்வொர்த்துக்குப் போய்விட்டார். அவர் விட்டுப்போன கடை அந்த ஆண்டுக் கடைசியில் மூடியது. ஒரு ரொட்டிக்காரரை இன்னொருவர் ஈடுசெய்துவிடுவார் என்று நினைத்த முதலாளிகள் பலர் இப்படித்தான் போனார்கள்.

எண்பதுகளின் நடுவில் தொடங்கி என் கண்முன்னால் ஒவ்வொன்றாக மாறியது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு ரப்பருக்கு வேண்டிய அளவு ஆள் வேண்டாம். நகரத்தை ஒட்டியிருந்த தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாறின. லயத்திலிருந்தவர்கள் சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் தாமான்களுக்கும் அடுக்கு வீடுகளுக்கும் வந்தார்கள். 1996இல் கூலிம் ஹைடெக் பார்க் திறந்தது. அதற்கு முன்பே பினாங்கு, பிறை தொழிற்சாலைகளின் பஸ்கள் விடியற்காலையில் கெடாவுக்குள் வந்து பெண்பிள்ளைகளை ஏற்றிப்போகத் தொடங்கிவிட்டன. அம்மாவும் மகளும் ஷிப்ட் வேலைக்குப் போன வீட்டில் அடுப்பு எரியவில்லை. வீட்டில் அடுப்பு இருக்கக் கடைச் சோறு ஏன் என்று கேட்ட அதே குடும்பங்கள், குழம்பை ரப்பர் வளையம் போட்ட பிளாஸ்டிக் பையில் வாங்கிக்கொண்டு போயின. சோறு வீட்டில், குழம்பு கடையில். எங்கள் சரக்கு இரண்டு மடங்கானது. அதில் எனக்கு வருத்தமில்லை. தோட்டத்துப் பெண்கள் காலையில் மரம் வெட்டி, மத்தியானம் சமைத்து, மாலையில் துணி துவைத்த வாழ்க்கையை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வேளைக் குழம்பைக் கடையில் வாங்கியதால் அவர்களுக்குக் கிடைத்த ஒரு மணி நேர ஓய்வு நியாயமானது.

1994இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்ததும் இன்னொரு பக்கம் அடி விழுந்தது. தீக்காம் பத்து, பீடோங், குரூண் என்று பழைய பெருஞ்சாலையில் லோரிக்காரர்களை நம்பியிருந்த கடைகள் இரவு வியாபாரத்தை இழந்தன. பெரியம்மா கடையும் அதற்குச் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. கிராணியும் ட்ரெஸ்ஸரும் இருந்தால்தானே மாதக் கணக்கு இருக்கும்? கடைசியாக நான் போனபோது நிலுவை முழுவதையும் எண்ணி வைத்துவிட்டு, மீந்த மல்லித்தூளைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு வந்தது வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளின் காலம். வாழையிலை முன்பும் இருந்தது. ஆனால் அப்போது அது தட்டுக்குப் பதிலாக வைத்தது, யாருடைய தோட்டத்திலோ வெட்டி வந்தது. இப்போது கடைக்குப் பெயரே அதுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடும்பம் குடும்பமாகக் காரில் வருகிறார்கள். மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு முறை வருகிறவர்கள். அவர்களுக்கு வீட்டில் கிடைக்காதது வேண்டும். ஆட்டுக்கறி வறுவல், பொரித்த கோழி, நண்டு, இறால், பிரியாணி. அவர்கள் கேட்பதும் நியாயம்தான். ஆனால் அந்த மாதம் ஒருநாள் சாப்பாட்டைக் கடை தினமும் சமைக்கிறது. பக்கத்து மேசையில் பாங்க் காவலாளியும் கணக்கர் பிள்ளையும் அதையே திங்கள் முதல் சனி வரை சாப்பிடுகிறார்கள். என் ஆர்டர் புத்தகத்தில் இந்த மாற்றம் தெளிவாக விழுந்தது. முன்பு வாரத்துக்கு ஒரு டின் எண்ணெய் வாங்கிய கடையின் அளவே உள்ள கடை மூன்று டின் வாங்கியது. பருப்பும் வெந்தயமும் இருந்த இடத்திலேயே நின்றன. கார்ன் மாவும் நிறப் பொடியும் அஜினோமோட்டோவும் மேலே ஏறின. கீரை வாங்குவதை நிறுத்திவிட்டு முட்டைகோஸில் நிலைத்தார்கள், அது வாடாது.

இதற்குக் கடைக்காரரின் பேராசைதான் காரணம் என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. தினச் சாப்பாட்டில் லாபம் மெல்லியது, ஆள் எண்ணிக்கை உறுதியாக இருந்தால்தான் நிற்கும். நாளைக்கு யார் வருவார் என்று தெரியாதபோது, இன்றைக்கு வந்தவரிடம் விலை கூடிய ஒரு கறியாவது விற்றாக வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு ஆண்டும் ஒரு சுமை. 2013 அக்டோபரில் சீனி மானியத்தை எடுத்தார்கள், தே விலை ஏறியது. அதே ஆண்டு குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்தில் 900 வெள்ளி என்று வந்தது. இன்று 1,700 வெள்ளி. கோப்பை கழுவுகிறவருக்கு அது கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டு வெள்ளிக்கு மேல் ரொட்டி விலையைச் சொன்னால் எழுந்துபோகிற வாடிக்கையாளரும் அதே சம்பளக்காரர்தான். 2015 ஏப்ரலில் ஆறு விழுக்காடு ஜிஎஸ்டி வந்தபோது ஆண்டு விற்பனை ஐந்து லட்சம் வெள்ளியைத் தாண்டாத சின்னக் கடைகள் பதிய வேண்டியதில்லை என்றார்கள். பதியாத கடை வாடிக்கையாளரிடம் வரி வாங்க முடியாது. ஆனால் நாங்கள் இறக்கிய சரக்கின் விலையில் வரி இருந்தது. "எனக்குத்தான் ஜிஎஸ்டி இல்லைன்னு சொன்னாங்களே, அப்புறம் எதுக்கு டின் பால் வெல ஏறுது?" என்று ஒவ்வொரு கடையிலும் என்னைக் கேட்டார்கள். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கி விளக்கி ஓய்ந்துபோனேன். 2018 ஜூனில் அதைச் சுழியமாக்கியபோது ஏறிய விலைகள் பெரும்பாலும் இறங்கவில்லை.

சமையல்காரர் பிரச்சினை இதையெல்லாம் விடப் பெரிது. தொண்ணூறுகளுக்குப் பிறகு கெடாவின் தமிழர் கடைகளில் கரண்டி பிடித்தவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்தவர்கள். கடும் உழைப்பாளிகள். அதிகாலையிலிருந்து இரவு வரை அடுப்படியில் நின்று, கடை மாடியில் தூங்கி, ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். அவர்கள் கையில் தோசையும் சட்னியும் உயர்ந்தன என்பது உண்மை. ஆனால் செராயும் பாண்டான் இலையும் போட்டு, மல்லி தூக்கலாக, உள்ளூர் மீனுக்கென்று எங்கள் ஆத்தாமார்கள் இங்கே மூன்று தலைமுறையில் உருவாக்கிய குழம்பு அவர்களுக்குத் தெரிய வழியில்லை. சொல்லிக்கொடுக்க அடுப்படியில் உள்ளூர் ஆளும் இல்லை. பலகையில் செட்டிநாடு என்று எழுதுவது எளிது, பீடோங் என்று எழுதினால் யார் வருவார்கள்? 2018இல் அன்றைய மனிதவள அமைச்சர் எம். குலசேகரன் உணவகங்களில் உள்ளூர்ச் சமையல்காரர்கள்தான் இருக்க வேண்டும் என்று அறிவித்தார். கடைக்காரர்களின் எதிர்ப்புக்குப் பிறகு அது நடைமுறைக்கு வராமல் போனது. நோக்கம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பதினான்கு மணி நேர வேலையையும், உட்கார நாற்காலி இல்லாத அடுப்படியையும் அப்படியே வைத்துக்கொண்டு எந்த உள்ளூர்ப் பிள்ளையைக் கூப்பிடுவது? தொழிற்சாலையில் குளிரூட்டிய அறையும் ஓவர்டைம் கணக்கும் இருக்கின்றன. அடுப்படியை மாற்றாமல் ஆளை மட்டும் மாற்றச் சொல்வதில் பயனில்லை.

மீன் பற்றி ஒரு வார்த்தை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கோலமூடாவைத் தாக்கியபோது நான் சுங்கைப்பட்டாணியில் இருந்தேன். அடுத்த பல வாரங்கள் கடைகளில் மீன் கறியை யாரும் தொடவில்லை. கோலமூடாவில் பாசார் பிசிக் என்று ஒரு மீன் சந்தை உண்டு. ஏலம் கேட்பவர்கள் விலையை ஏலக்காரரின் காதில் கிசுகிசுப்பார்கள், வெளியே யாருக்கும் கேட்காது. அங்கே போய் மீன் எடுத்துவந்த கடைக்காரர்கள் சிலரை எனக்குத் தெரியும். அந்தப் பேரலைக்குப் பின் பலர் உறைமீனுக்கு மாறினார்கள். மாறியவர்களில் சிலர் மறுபடி திரும்பவேயில்லை. ஐஸ் மீனுக்குப் புளியும் காரமும் கூடுதலாக வேண்டும், குழம்பின் குணமே மாறிப்போகும்.

திருவிழா நாட்களில் மட்டும் பழைய கூட்டம் முழுசாகத் தெரியும். சுங்கைப்பட்டாணி சுப்பிரமணியர் கோயிலின் சித்ரா பௌர்ணமிக்குக் கலைந்துபோன தோட்டத்துச் சனங்கள் எல்லாத் திசையிலிருந்தும் வருவார்கள். அதற்கு முந்தைய வாரம் என் வேன் இரண்டு நடை போகும். தேர் பார்த்துவிட்டு நடுராத்திரியில் தோசைக் கல்லைச் சுற்றி நிற்பவர்கள் ஒருவரையொருவர் ஊர்ப்பெயர் சொல்லாமல் தோட்டப்பெயர் சொல்லித்தான் விசாரிப்பார்கள். தோட்டமே இருக்காது.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, கடையில் உட்கார்ந்து சாப்பிடத் தடை போட்டார்கள். நான் ஓய்வுபெறுவதற்கு ஓராண்டுக்கு முன்பு அது. வேனை ஓட்ட அனுமதிக் கடிதம் கொடுத்தார்கள். சுங்கைப்பட்டாணியில் இருபது மேசை, முப்பது மேசை போட்டு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நம்பியிருந்த கடைகள் வாடகை கட்ட முடியாமல் நின்றன. பொரித்த கோழி பொட்டலத்தில் அரை மணியில் நமத்துப்போகும், பிரியாணியைத் தினமும் யாரும் கேட்பதில்லை. அதே நேரம் இரண்டு மேசை, ஒரு தள்ளுவண்டி வைத்திருந்த ஒட்டுக்கடைகள் தாக்குப்பிடித்தன. அவர்களிடம் பெயரும் வீட்டு எண்ணும் தெரிந்த முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். சோறு, ஒரு கறி, ரசம் என்று கட்டி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். காசு மாதக் கடைசியில். எந்த ஏற்பாடு ஒழிந்துபோனது என்று நான் நினைத்திருந்தேனோ அதுதான் அந்த மாதங்களில் கடைகளைக் காப்பாற்றியது. செமிலிங் பக்கம் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தை நம்பிய சின்னக் கடைகளில் இதே ஏற்பாட்டை நான் முன்பே பார்த்திருந்தேன். வெளியூரிலிருந்து வந்த மாணவர்கள் ஒரு அக்காவிடம் மாதப் பணம் கொடுத்துச் சாப்பிட்டார்கள். அவர்கள் படிப்பு முடித்துப் போனால் தம்பி தங்கைகளை அனுப்புவார்கள். அந்த அக்கா வாங்கிய பருப்பின் அளவு கடைசிவரை குறையவில்லை.

இப்போது நான் சாப்பிடுவது சுங்கைப்பட்டாணியில் என் தாமானுக்குப் பக்கத்தில் ஒரு புருஷன் பெண்டாட்டி நடத்தும் ஒட்டுக்கடையில். இருவரும் முன்பு ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். வருகிறவர்கள் காவலாளிகள், நகராண்மைத் துப்புரவுப் பணியாளர்கள், பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டதால் தனியாக இருக்கும் என் வயதுக்காரர்கள். எங்களில் பாதிப் பேருக்குச் சீனி வியாதி. அதனால் வெள்ளைச் சோற்றோடு புழுங்கலரிசிச் சோறும் வைக்கிறார்கள். செவ்வாய், வியாழன் மீன். வெள்ளி சைவம். பதினொன்றரைக்குத் திறந்து இரண்டு மணிக்குள் சட்டியைக் கழுவிவிடுகிறார்கள். மிச்சம் வைப்பதில்லை, எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியும்.

அந்தப் பெண் முதலில் மீன் கறியை வீட்டு வழக்கப்படி தேங்காய்ப்பால் விட்டுத்தான் வைத்தார். நான் பீடோங் முறையைச் சொன்னேன். வெந்தயத்தை எந்த நிறத்தில் நிறுத்துவது, தூளைப் புளியில் கரைப்பது, மீன் போட்ட பின் கரண்டியை விடாமல் சட்டியைச் சுழற்றுவது எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று காட்டினேன். இரண்டாவது வாரத்தில் அவருக்குக் கை வந்துவிட்டது. இப்போது மல்லித்தூள் எங்கே வாங்குவது என்று என்னிடம் கேட்கிறார். நான் வேலை செய்த கம்பெனி கடைக்கு அனுப்பும் பொட்டலத்தை வாங்க வேண்டாம் என்று சொல்லி, கொட்டை மல்லியாக வாங்கி வறுத்து அரைக்கும் மில் ஒன்றைக் காட்டியிருக்கிறேன். கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல் விலைதான். ஆனால் கால் பங்கு குறைவாகப் போட்டால் போதும், மாதக் கணக்கில் பார்த்தால் அவருக்கு மிச்சம்.